கனம் சொல்லாத தோள்

மழை நாளில் அவரோடு ஒரே குடையில் நடந்தவர்களுக்கு அவரைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும். குடையை அவர்தான் பிடிப்பார். ஆனால் குடை முழுக்க நம் தலைக்கு மேலே இருக்கும். அவருடைய இடது தோள் சொட்டச் சொட்ட நனையும். "குடுண்ணே, நான் புடிக்கிறேன்" என்றால், "நீ நடந்து வா நைனா, கொடை எங்கியும் ஓடிப்பூடாது" என்பார்.

அவருடைய சம்சாரத்தை நாங்கள் அண்ணி என்று கூப்பிடுவோம். வாய்த்துடுக்கு உள்ள நல்ல மனுஷி. "இந்த ஆளு செத்தாக்கூட நாலு பேருக்கு வேலை வெக்க மாட்டாரு. தானே எழுந்து சுடுகாட்டுக்கு நடந்து போயிடுவாரு" என்று அவர் எதிரிலேயே சொல்லுவார். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தை அண்ணியின் இடுப்பிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொள்வார்.

பெயரை எழுதவில்லை. கோயில் காரியம் செய்கிறவனுக்குப் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி. திருவள்ளூரில் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்குவது அவர் பிழைப்பு. உற்சவ நாட்களிலும் அமாவாசைகளிலும் பெருமாளைத் தோளில் ஏந்துவது அவர் பாக்கியம். அந்தக் கைங்கர்யம் செய்கிறவர்களை ஸ்ரீபாதம் தாங்கிகள் என்பார்கள். நானும் ஒரு ஸ்ரீபாதம் தாங்கிதான். மற்ற நேரத்தில் குளக்கரைக்குப் போகிற வழியில் வெல்லம் விற்பேன். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு வைத்தியர் என்றே பெயர். நோய் தீர வேண்டுமென்று வருகிறவர்கள் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்பது நம்பிக்கை. என் குடும்பம் சாப்பிட்டது அந்த நம்பிக்கையில்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

வாகனத்தின் அடியில் நீண்ட தண்டுகள் போகும். அதில் அவர் இடம் முன்பக்கம், இடது தண்டு. நான் அவருக்குப் பின்னால். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாத் தோளும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் தண்டுக்குக் கீழே ஒரு திருட்டுத்தனம் உண்டு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் போதும், தோள் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், எடை அதில் இறங்காது. அந்த எடை முழுக்க அடுத்தவன் கழுத்தில் ஏறும். இதை எங்களுக்குள் 'தோள் காட்டுவது' என்று சொல்வோம். தோள் கொடுப்பது வேறு, காட்டுவது வேறு.

பின்னால் எவனாவது தோள் காட்டினால், திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். "பின்னாடி யாரோ சாமி சேவிச்சிக்கினு வர்றாரு போல கீது. அப்புறமா சேவிக்கலாம், இப்போ தோளு குடு ராஜா" என்பார். யார் என்று பெயர் சொல்லமாட்டார். சொல்லாமலே அந்த ஆளின் முழங்கால் நிமிர்ந்துவிடும்.

தண்டின் கீழே எங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. இந்தக் கதைக்கே அதுதான் அச்சாணி. பெருமாளைக் கனம் என்று சொல்லக்கூடாது. பாரம், சுமை, தூக்க முடியவில்லை என்ற பேச்சே வரக்கூடாது. தூக்குவது என்றுகூடச் சொல்லமாட்டோம், ஏளப்பண்ணுவது என்போம். கழுத்து எலும்பு நொறுங்குகிற மாதிரி இருக்கும் நாளில், "பெருமாள் இன்னிக்கு நல்லா எழுந்தருளியிருக்காரு" என்று சொல்லிக்கொள்வோம். எங்களுக்குள் அதற்கு அர்த்தம் தெரியும்.

ஒருமுறை திருவாலங்காட்டிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். கல்யாணமாகி மாமியார் வீட்டோடு இருந்தவன். கிழக்கு வீதி திரும்புகிற இடத்தில், "யப்பா, இன்னா கனம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எங்களுக்குத் திக்கென்றது. அண்ணன் நடந்துகொண்டே நிதானமாகக் கேட்டார். "ஏன் ராஜா, உங்கம்மா உன்னை இடுப்புல வெச்சிக்கினு திரிஞ்சப்போ கனம்னு சொல்லிச்சா?"

"தெனம் சொல்லும்ணே. எறங்குடா கழுதைன்னு கீழ வுட்டுடும்."

அன்றைக்கு எல்லாரும் சிரித்த சிரிப்பில் தண்டு ஆடி, மேலே நின்ற பட்டர் "என்னடா அங்கே?" என்று அதட்டினார். அதிகம் சிரித்தவர் அண்ணன்தான். ஆனால் அவர் தோள் மட்டும் ஆடவில்லை. எனக்குப் பின்னாலிருந்து அது தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அவருக்கு அந்த வலி வந்தது. மில்லில் மூட்டையை முதுகிலிருந்து இறக்கும்போது இடுப்பில் ஏதோ சொடுக்கியதாம். மறுநாளிலிருந்து இடது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரைக்கும் ஒரு வலி. பழுக்கக் காய்ச்சின கம்பியை நரம்புக்குள் விட்டு இழுக்கிற மாதிரி என்று அண்ணியிடம் சொன்னாராம். உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

இதெல்லாம் பிற்பாடு அண்ணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் எங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓர் அமாவாசைப் புறப்பாட்டில் தெற்கு வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது, "மாத்து" என்று ஒரு குரல் கேட்டது. ஆள் மாற்றச் சொல்லிக் கேட்கிற வார்த்தை அது. எங்கள் கோஷ்டித் தலைவருக்கு யார் குரல் என்று பிடிபடவில்லை. அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. மாற்று ஆள் தோள் கொடுத்ததும் அண்ணன் வெளியே வந்து ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

புறப்பாடு முடிந்ததும் தலைவர் அவரிடம் வந்தார். "இன்னாண்ணே, இதுக்குப் போயி வெளிய வந்துட்ட? சும்மா தோளை வெச்சிக்கினு வா, நாங்க இத்தினி பேரு இருக்கோம் இல்ல?"

"தோளை மட்டும் வெக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு? ஒரு தலகாணிய வெச்சிக் கட்டிக்கோ" என்றார்.

பிறகு எண்ணெய் போட்டார்கள், பற்றுப் போட்டார்கள், செங்கல் ஒத்தடம் கொடுத்தார்கள். என் கடை வெல்லத்தை அண்ணி அமாவாசை தவறாமல் கொண்டுபோய்க் குளத்தில் கரைத்தார். வலி குறையவில்லை. மில்லுக்குப் போக முடியவில்லை. கடைசியில் அண்ணிதான், "பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டருங்க கீறாங்களாம், கெளம்பு" என்று பிடிவாதமாக நின்றார். ஊரில் இரண்டொருவர், "வைத்தியப் பெருமாளையே தோள்ல ஏளப்பண்ணிட்டு பட்டணத்துக்கு ஊசி போட்டுக்கப் போறியா?" என்று குத்தலாகக் கேட்டார்கள். எனக்குக்கூட அந்தச் சந்தேகம் உள்ளுக்குள் இருந்தது.

அவர் சொன்னார்: "வைத்தியர்னா ஒண்டியாவா வேலை செய்வாரு? கம்பவுண்டர் இருப்பாங்க, நர்ஸம்மா இருப்பாங்க. பட்டணத்துல கீறவங்களும் அவரோட ஆளுங்கதான்." நான் அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் குழம்பியதில்லை.

துணைக்கு நான் போனேன். ரயிலில் இடம் இருந்தும் உட்கார முடியாமல் பட்டணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மேலே தொங்கிய வளையத்தைப் பிடித்துக்கொண்டாரே தவிர, என்னைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தது ஒரு டாக்டரம்மா. கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட கிறிஸ்தவப் பெண்மணி. அவசரப்படாத குரல். படம் எடுத்தார்கள், காலைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா தன் கைவிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டி, முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு உண்டு, அது பிதுங்கி வெளியே வந்து காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது, நரம்பு வீங்கிப்போயிருக்கிறது என்று சொன்னார்.

"ஸ்டீராய்டுன்னு ஒரு மருந்து இருக்கு. இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கிட்ட ஒரு சந்து இருக்கு, அது வழியா அந்த நரம்புக்குப் பக்கத்துலயே ஊசி போடுவோம். வீக்கம் வத்தும், வலி குறையும். சிலருக்கு மாசக்கணக்கா நல்லாயிருக்கும். சிலருக்குக் கேக்காது. பிதுங்கினதைத் திரும்ப உள்ள தள்ளுற மருந்து இல்லை இது. அதை நல்லாப் புரிஞ்சுக்கணும்."

"புரிஞ்சுதும்மா."

குப்புறப் படுக்கவைத்து, அடிவயிற்றுக்குக் கீழே தலையணை கொடுத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்று நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு மருந்து, மெதுவாக, மெதுவாக. "பழைய வலி காலுக்குள்ள அதே வழியா இறங்குற மாதிரி இருந்தா சொல்லுங்க" என்று டாக்டரம்மா சொன்னது கேட்டது. "எறங்குதும்மா" என்றார். "தாங்க முடியுதா?" "நீங்க போடுங்கம்மா."

கொஞ்ச நேரம் படுக்கவைத்து, எழுந்து நடக்கச் சொன்னபோது டாக்டரம்மா புத்தி சொன்னார். ரெண்டு மூணு நாள் வலி கூடினாலும் பயப்படக் கூடாது, மருந்து நிதானமாகத்தான் வேலை செய்யும். மூட்டை தூக்குகிற வேலையை அடியோடு விட்டுவிட வேண்டும்.

"பெருமாளை ஏளப்பண்ணலாங்களா?" என்று அவர் கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. நான் விளக்கினேன். "ஓ, சாமி ஊர்வலமா? எங்க சர்ச்சுலயும் மாதா சுரூபத்தை நாலு பேர் தோள்ல தூக்கிக்கிட்டு வருவாங்க. அந்த மாதிரியா? கனமா இருக்குமா?"

"கனமா? கனமே கெடையாதும்மா" என்றார் அவர், யோசிக்கவே இல்லாமல்.

வேறு என்ன சொல்லுவார்? தலையே போனாலும் எங்கள் வாயில் வேறு பதில் வராது. டாக்டரம்மா சிரித்து, "அப்ப சரி. ரெண்டு மாசம் போகட்டும், வலி இல்லைன்னா செய்யுங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டார். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம்தான். தை உற்சவத்துக்கு ரெண்டு மாசத்துக்குமேல் இருந்தது.

பெருமாள் கிருபையும் டாக்டரம்மா கையும் சேர்ந்து வேலை செய்தன. ஒரு வாரத்துக்கெல்லாம் ஒரு காலையில் என் கடைக்கு விறுவிறு என்று வந்தார். "நைனா, தும்மினேன்! ஒண்ணுமே ஆவல!" என்றார். கடை வாசலிலேயே குந்தி உட்கார்ந்து காட்டினார், எழுந்தும் காட்டினார். வெல்லம் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி இந்த வேடிக்கையைப் பார்த்துக் கூட ஒரு கட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

மில்லில் முதலாளி அவருக்கு மூட்டை வாய் தைக்கிற வேலை கொடுத்தார். "ஊசி போட்டுக்கினு வந்தவருக்குக் கோணி ஊசி வேலை" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். கோஷ்டித் தலைவர் வந்து, "தை உற்சவத்துக் கருட சேவைக்கு முன்தண்டு உன்னுதுதாண்ணே, வேற எவனையும் நிறுத்த மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

மார்கழி முடிகிற சமயம், நானும் அவரும் கடைத்தெருவில் பேசிக்கொண்டே நடந்தோம். பின்னாலிருந்து ஒரு பூக்காரி, "யோவ், செருப்பை வுட்டுட்டுப் போறியே!" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தால், அவருடைய இடது கால் செருப்பு எட்டத்தில் கிடந்தது. கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. போய் மாட்டிக்கொண்டார். அங்கேயே நின்று தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி இல்ல நைனா. ஆனா இந்தக் காலு முழுசா என்னுதா இல்ல" என்றார். பிறகு, "டாக்டரம்மாவண்ட நான் தப்பா சொல்லிட்டேன்."

"கனம்னு சொல்லக்கூடாது இல்லண்ணே? நீ வேற இன்னா சொல்வ?"

"சொல்லக்கூடாதுதான். ஆனா அந்தம்மா நெசமா தோளு குடுத்தாங்க. நான் அவங்களுக்குத் தோளைக் காட்டிட்டு வந்துட்டேன்."

அவர் டாக்டரம்மாவிடம் திரும்பப் போகாமல் இருந்திருக்கலாம். அனுமதி கையில் இருந்தது. வலியும் இல்லை. முன்தண்டு காத்திருந்தது. கால் மடங்கினால் என்ன ஆகும் என்பதை ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மடங்கினால், அந்த வாகனம் முன்பக்கமாகச் சாயும். பெருமாள், மேலே நிற்கிற பட்டர், கீழே இருக்கிற நாங்கள், எல்லாரும் அந்த ஒரு காலில்தான் இருந்தோம். மறுநாளே பட்டணத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா அவரை அடையாளம் கண்டு, "வலி எப்படி?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நீங்க நல்லா இருக்கணும். நான் வேற ஒண்ணு காட்ட வந்தேன்" என்று சொல்லி, சட்டைப் பித்தானைக் கழற்றி இடது தோளைத் திறந்தார்.

தண்டு அழுந்தி அழுந்தி அந்த இடத்தில் சதை திரண்டு, ஒரு நாட்டு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கெட்டியாகப் புடைத்திருந்தது. எங்கள் எல்லாருக்கும் அது உண்டு. அவருக்குப் பெரியது.

"இது என்ன கட்டி?"

"பெருமாளும்மா. அன்னிக்கு நீங்க கேட்டீங்க. அதை நாங்க வாயால சொல்லக்கூடாது. நீங்க கையால பாத்துக்கங்க."

டாக்டரம்மா அந்தப் புடைப்பின்மேல் விரலை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு அவரைப் படுக்கச் சொல்லி, இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லித் தன் விரலால் அமுக்கினார். வலது விரல் அசையவில்லை. இடது விரல் ஒரே அமுக்கில் தாழ்ந்தது. குதிகாலில் நடக்கச் சொன்னார். இடது பாதம் தரையில் தட்டியது.

"ஐயா, வலியை மருந்து எடுத்துடுச்சு. கால் பலம் இன்னும் வரலை. வலி இருந்தப்போ அது உங்களைத் தடுத்துக்கிட்டு இருந்தது. இப்போ தடுக்க ஆள் இல்லை. இந்தத் தோள்ல ஏறுற எடையை இனிமே நீங்க ஏத்தக் கூடாது."

"இந்த வருஷமாம்மா?"

"எப்பவுமே."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பித்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடி சரியாகப் போட்டார். கும்பிட்டார். டாக்டரம்மாவும் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அடுத்த தடவை யாராவது சாமி தூக்குறவங்க வந்தா, முதல்ல தோளைப் பார்ப்பேன்" என்றார். இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், அத்தனை பேர் காத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு டாக்டர் எழுந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணனோடு ஒரே தண்டில் தோள் கொடுத்தவன் நான் என்ற கர்வம் எனக்கு அன்று வந்தது. இந்த வயதிலும் அது போகவில்லை. பெருமாள் மன்னிக்கட்டும், அந்தக் கர்வம் போக வேண்டாம்.

கோஷ்டித் தலைவர் கேட்டபாடில்லை. "கருட சேவை ஒரு நாளுண்ணே! வெறும் தோளை வெச்சிக்க, பேருக்கு. நீ இல்லாம முன்தண்டு எப்டி?"

"எனுக்குப் பின்னாடி நடந்தவன் ஒருத்தன் கீறானே, அவனை முன்னாடி நிறுத்து" என்று என்னைக் காட்டிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த மூட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருட சேவை விடிகிற நேரத்தில் கோபுர வாசல் தாண்டியது. கூட்டம், கற்பூரப் புகை, குடை, நாதஸ்வரம். அவர் இடத்தில் நான். வீதியில் வீடு வீடாக நின்று தட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். அவர் வீட்டு வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளாக அண்ணி ஒண்டியாகத்தான் அந்த வாசலில் தட்டோடு நிற்பார். புருஷன் தண்டுக்குக் கீழே இருந்தால் வேறு எப்படி நிற்பது? அன்றைக்கு இரண்டு பேரும் நின்றார்கள். தட்டின் ஒரு பக்கம் அண்ணி கை, மறுபக்கம் அவர் கை. புது வேட்டி, நெற்றி நிறையத் திருமண். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

சடாரியோடு கூட நடந்து வந்த இன்னொரு பட்டர் அவரைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார், பிறகு சடாரியை நீட்டினார். அவர் இடுப்பிலிருந்து முழுசாகக் குனிந்தார். வலியில்லாமல் குனிந்தார், கையை எதிலும் ஊன்றாமல் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே அண்ணாந்து கருடன்மேல் இருக்கிற திருமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"ஏமே, இன்னா அழகா கீறாரு பாரு" என்றார்.

"நான் வருஷா வருஷம் பாக்கறேன். நீதான்யா பாக்கல."

"எனுக்கு முதுகுப் பக்கம் இல்ல இருந்தாரு. எப்டிப் பாக்கறது?"

தலைவர் கோலைத் தட்டினார். நாங்கள் நகர்ந்தோம். அவர் வாசலில், இரண்டு காலையும் சமமாக ஊன்றி, பார்த்துக்கொண்டே நின்றார்.